உடையும் உடைமையும்: சப்பிரகமுவத் தோட்டங்களில் உடலின் மேல் எழுதப்பட்ட வரலாறு

ஒரு குடைக்கீழ் நாடாளும் மன்னனுக்கும், இரவுபகல் உறங்காது விலங்கின் தடம் பார்த்துத் திரியும் வேட்டுவனுக்கும் உண்ணும் அளவும் உடுக்கும் துணியின் தொகையும் ஒன்றே என்று நக்கீரனார் புறநானூற்றுப் பாடலொன்றிற் கூறுவார். செல்வத்தின் பயன் ஈதலே என்பதை நிறுவுவதற்காக எழுந்த வாதம் அது. அறநோக்கில் அதன் சிறப்பை எவரும் மறுக்க முடியாது. எனினும் சமூக வரலாற்றை நாடும் ஒருவர் அப்பாடலைப் படிக்கும்போது வேறொரு வினாவும் எழுதல் தவிர்க்கவியலாதது. துணியின் தொகை ஒன்றாக இருந்திருக்கலாம். அத்துணி உடலின் எவ்விடத்தில் தொடங்கி எவ்விடத்தில் முடிய வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை இருவருக்கும் ஒன்றாக இருந்ததா? மன்னனுடைய குடையை வேட்டுவன் தன் தலைக்கு மேல் விரிக்க முடிந்ததா?

ஆள்பாதி, ஆடைபாதி என்பது நம்மிடையே வழங்கும் மூதுரை. உடையும் அணியும் உடலிற் பொறித்துக்கொள்ளும் அடையாளங்களும் ஒருவரின் குணத்தையும் விருப்பத்தையும் மனப்பாங்கையும் வெளிப்படுத்துவன என்ற கருத்து இன்று பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது. அக்கருத்து முற்றிலும் பிழையானதன்று. ஆனால் அது தெரிவு செய்யும் வசதி வாய்ந்த வகுப்பினரின் அனுபவத்திலிருந்து பிறந்தது. தெரிவு செய்யும் வசதியற்ற மக்களின் உடலை அதே அளவுகோலால் அளக்க முற்படும்போது தவறான முடிவுகளே கிட்டும். இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட சப்பிரகமுவ மாகாணத்தின் தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த, வாழும் தமிழ்த் தொழிலாளரின் உடை வரலாற்றை இவ்வகையில் நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். இம்மக்களின் உடலின் மேல் முதலில் எழுதியவர்கள் அவர்கள் அல்லர், பிறரே எழுதினர். அவ்வாறு எழுதப்பட்டதைத் திருத்தியெழுத அவர்கள் மேற்கொண்ட முயற்சியே அவர்களின் உடை வரலாறு எனலாம்.

1. நிலமானிய அமைப்பும் உடை விதியும்

தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்னரே இப்பிரதேசத்தில் உடை ஒரு சட்டமாக இருந்தது. கேகாலைப் பகுதியை உள்ளடக்கிய நான்கு கோறளையும் சப்பிரகமுவவும் கண்டி இராச்சியத்தின் திசாவனிகளாக விளங்கியவை. 1660 இல் சிறைப்பட்டு 1679 இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் கண்டி இராச்சியத்து மக்களின் உடையைச் சாதிவாரியாக விபரித்துள்ளார். தாழ்ந்தவரெனக் கருதப்பட்ட ஆடவர் மேற்சட்டை அணிதலாகாது. உயர்குலப் பெண்களின் துணி குதிகால்வரை தொங்க, மற்றையோரின் துணி முழங்காலோடு நின்றுவிட வேண்டும். குளிர் காரணமாகத் தோளின் மேல் துணியொன்றைப் போட்டுக்கொள்ளும் தாழ்நிலைப் பெண், உயர்குலத்தோரை எதிர்ப்படும்போது, குளிருக்காகவே போட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் வழக்கத்தையும் அவர் பதிவு செய்துள்ளார். மழைக்கும் குளிருக்கும் உடலை மூடுவதுகூட ஒரு விதிமீறலாய், விளக்கம் கூறவேண்டிய செயலாய் இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

பாக்குநீரிணைக்கு அப்பாலும் நிலைமை இதுவேயாகும். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1822 முதல் 1859 வரை நிகழ்த்திய தோள்சீலைப் போராட்டம் நாம் நன்கறிந்தது. அதனினும் நமது பொருளுக்கு நெருக்கமான சான்று இராமநாதபுரத்திலிருந்து கிடைக்கின்றது. 1930 டிசம்பரில் அம்மாவட்டத்துக் கள்ளர் சிலர் ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 ஆம் ஆண்டு இந்தியக் குடிசனமதிப்பின் ஆணையாளராகப் பணிபுரிந்த ஜே. எச். ஹட்டன் 1946 இல் வெளியிட்ட சாதி பற்றிய நூலில் இத்தடைகளைத் தொகுத்துத் தந்துள்ளார். பொன், வெள்ளி நகைகள் அணிதலாகாது. ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது. கோட்டு, சட்டை, பனியன் கூடா. தலைமயிரைக் கத்தரித்துக் கொள்ளலாகாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடலை மறைத்தலாகாது. பூவும் மஞ்சளும் அவர்களுக்கு இல்லை. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடித்தலும் காலிற் செருப்பணிதலும் விலக்கு. எட்டுத் தடைகளுள் ஏழு உடலின் மீதானவை. எஞ்சிய ஒன்று வீட்டில் மண்பாத்திரமன்றி வேறு பாத்திரம் புழங்கலாகாது என்பது.

இத்தடைகளை வெறும் மூட நம்பிக்கையாகவோ காட்டுமிராண்டித்தனமாகவோ கொள்வது ஆய்வாகாது. நிலமற்ற உழைப்பாளியை நிலத்தோடு கட்டிவைத்த உற்பத்தி உறவின் கட்புலனாகும் வடிவமே இவ்விதிகள். யார் எவருக்கு உழைக்கக் கடமைப்பட்டவர் என்பதைத் தொலைவிலிருந்தே அறிந்துகொள்ள உடல் ஓர் அறிவிப்புப் பலகையாக வேண்டியிருந்தது. 1930 ஆம் ஆண்டளவில் இவ்விதிகள் எழுத்துமூலம் அறிவிக்கப்பட வேண்டிய தேவை எழுந்தமை, அவை மீறப்படத் தொடங்கிவிட்டன என்பதற்கே சான்றாகும். ஊரைவிட்டு வெளியேறி உழைத்துத் திரும்பியோர் சட்டையோடும் குடையோடும் வந்திறங்கிய காலம் அது.

2. கழுத்தில் தகரம்

இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்தே இலங்கைத் தோட்டங்களுக்குப் பெருந்தொகையினர் வந்தனர். அவர்களுட் பெரும்பங்கினர் பள்ளர், பறையர், சக்கிலியர் ஆகிய சாதியினர். கோப்பி 1869 இல் தோன்றிய இலைநோயால் அழிய, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் றப்பருக்கு உலகச் சந்தையில் ஏற்பட்ட கிராக்கி களனிப் பள்ளத்தாக்கையும் இரத்தினபுரியின் மலையடிவாரங்களையும் றப்பர்க் காடாக்கியது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய, பெல்மதுளை, கஹவத்தை, இறக்குவானை, பலாங்கொடை என்பன இக்காலத்திலேயே தோட்டப் பட்டினங்களாக வளர்ந்தன. 1939 இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை ஆள்வரவு தொடர்ந்தது. ஆகவே மேற்கூறிய எட்டுத் தடைகள் விதிக்கப்பட்ட அதே காலத்தில் அதே மாவட்டத்திலிருந்து மக்கள் கப்பலேறிக்கொண்டிருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

கடலைக் கடந்தவர் ஊரின் உடை விதியையும் கடந்தாரா? ஓரளவு கடந்தார். ஆயின் வழியிலேயே அவருக்கு வேறொரு விதி காத்திருந்தது. 1901-02 காலப்பகுதியில் நடைமுறைக்கு வந்த தகரவில்லை முறையின்படி, புறப்படும் ஒவ்வொருவருக்கும் ஒரு தகரவில்லை வழங்கப்பட்டது. அவர் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் அவரைக் குறிக்கும் எண்ணும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. கயிற்றிற் கோத்துக் கழுத்தில் அணிந்துகொண்டு அவர் பயணம் செய்தார். வழிச்செலவை முதலில் அரசு ஏற்றுப் பின்னர் குறித்த தோட்டத்திடமிருந்து அறவிட்டுக்கொள்வதற்கு இம்முறை வசதியாயிருந்தது. வழியில் எவரும் தொலைந்துபோகாதிருக்க உதவிய நல்லேற்பாடு என்று தோட்டத்துரைமார் இதனை விளக்கலாம். ஆனால் தாலி ஏறும் கழுத்தில், குலதெய்வத்தின் கயிறு கட்டும் கழுத்தில், ஒரு பொதியின் முகவரிச் சீட்டைப் போலத் தகரம் தொங்கியது என்ற உண்மையை அவ்விளக்கம் மறைத்துவிடாது. பெயர் நின்றவிடத்தில் எண் வந்தது. சாதியின் அடையாளம் நின்றவிடத்தில் மூலதனத்தின் அடையாளம் வந்தது.

தமிழில் 'துண்டு' என்னும் சொல்லுக்குத் தோளிற் போடும் துணி என்றும் சிறு சீட்டு என்றும் பொருளுண்டு. தோட்டங்களின் வரலாற்றில் இரு பொருளும் ஒன்றையொன்று சந்தித்தன. குறித்த தொகை கடன் தீர்க்கப்பட்டால் கங்காணியையும் அவர் ஆட்களையும் விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த சீட்டே 'துண்டு' எனப்பட்டது. தொழிலாளர் இச்சீட்டின் வழியாக ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கடனோடு கைமாறினர். 1921 இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை தோளிற் கிடந்த துண்டு தொழிலாளியுடையது. அவரைக் கட்டிவைத்த துண்டு துரையுடையது. மேலவரைக் கண்டதும் தோள்துண்டை எடுத்து இடுப்பிற் கட்டும் ஊர்ப் பழக்கம் துரையின் முன்னும் தொடர்ந்தது.

3. கோட்டும் கம்பளியும்

'மூலதனம்' நூலின் முதற் பாகத்தை (1867) கற்றோர், மார்க்ஸ் பெறுமதியின் இயல்பை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணத்தை மறந்திரார். இருபது யார் லினன் துணி ஒரு கோட்டுக்குச் சமம் என்பது அது. அவ்விளக்கத்தின் நடுவே, பகட்டான சீருடைக்குள் இருக்கும் மனிதர் அதற்கு வெளியே இருப்பதைவிட அதிக பெறுமதியுடையவராகத் தோன்றுவதையும் அவர் எள்ளலோடு சுட்டுவார். தோட்டத்தின் உடை ஒழுங்கை விளங்கிக்கொள்ள இது பெரிதும் துணைபுரியும்.

காலைப் பெரட்டுக்களத்தில் நின்றவர்களை அவர்கள் வாய்திறக்கு முன்னரே அறிந்துவிடலாம். வெள்ளைத் தொப்பியும் காற்சட்டையும் சப்பாத்தும் அணிந்தவர் துரை. வேட்டிக்கு மேற் கோட்டு, தலைப்பாகை, காதிற் கடுக்கன், கையிற் பிரம்பு, கக்கத்திற் குடை எனக் காட்சி தருபவர் பெரிய கங்காணி. அக்காலப் புகைப்படங்களில் வெறுங்காலோடு கோட்டணிந்து நிற்கும் கங்காணிமார் பலரைக் காணலாம். இக்கோலம் தற்செயலானதன்று. கோட்டு மூலதனத்தின் பிரதிநிதி என்பதை அறிவித்தது. தலைப்பாகையும் கடுக்கனும் ஊர்ச் சாதித் தலைமையின் தொடர்ச்சியை அறிவித்தன. வெறுங்கால் துரைக்கு முன் அவருடைய இடத்தை அறிவித்தது. முதலாளித்துவம் நிலமானிய உறவுகளை அழித்துவிடாமல் தன் தேவைக்கு எவ்வாறு பயன்படுத்திக்கொண்டது என்பதற்கு இம்மூன்றும் ஓருடலில் அமைந்த விளக்கமாகும். ஆர். ஜெயராமன் 1975 இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிற் சாதி எவ்வாறு தொடர்ந்தது என்பதைத் தெளிவுபடுத்தியது. அத்தொடர்ச்சியை லயத்தின் அமைப்பில் மட்டுமன்றி உடையிலும் காணலாம்.

தொழிலாளியின் உடை வேறு. ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழைபெறும் இரத்தினபுரிப் பகுதியிற் கம்பளியே அவருடைய குடை. அதை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மலையேறினர். இக்கம்பளி தோட்டத்தின் கொடையன்று. அரிசியைப் போலவே அதன் விலையும் செக்ரோலிற் பற்றெழுதப்பட்டுக் கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. கொழுந்தெடுக்கும் பெண்ணின் இடுப்பில், தேயிலைச் செடியின் கூரிய கிளைகளிலிருந்து சேலையையும் தோலையும் காக்கும் படங்கு. முதுகில் தலைக்கயிற்றாற் தாங்கப்படும் கூடை. பல ஆண்டுகள் கூடை சுமந்த முதிய பெண்கள் சிலரின் உச்சியில் அக்கயிறு பதிந்த தடத்தைக் காணலாம். உடலிற் செய்யப்படும் மாற்றங்களைப் பற்றி எழுதுவோர் பச்சையையும் காது வளர்த்தலையும் பட்டியலிடுவர். உழைப்பு உடலிற் செய்த இம்மாற்றத்தை எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை.

றப்பர்த் தோட்டத்தில் உழைப்பின் முத்திரை துணியிலேயே விழுந்தது. விடியற்காலையிற் பால்வெட்டச் செல்பவரின் உடையிற் சிந்தும் றப்பர்ப்பால் உறைந்து, கறுத்து, தோல்போல் இறுகிவிடும். எந்தச் சவர்க்காரத்துக்கும் அது கழன்றுவராது. ஆகவே பால்வெட்டும் உடை என்று ஒன்றைத் தனியே வைத்துக் கிழியும்வரை அதையே உடுத்தினர். சப்பிரகமுவ றப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் அயற்கிராமங்களைச் சேர்ந்த சிங்களத் தொழிலாளரும் பால்வெட்டினர். அவர்களின் துணியிலும் அதே கறை படிந்தது. இந்த எளிய உண்மைக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

ஆண்டிற்கொருமுறை வரும் தீபாவளியே புதுத்துணியின் நாள். அந்நாளிற் சேலையும் சட்டையும் உடுத்திக் கோயிலுக்குச் செல்பவரைப் பார்த்து, இம்மக்கள் ஆடம்பரப் பிரியர், சேமிக்கத் தெரியாதவர் என்று கூறிய அதிகாரிகளும் உளர். அப்புதுத்துணியும் தீபாவளி முற்பணம் என்ற கடனால் வாங்கப்பட்டது என்பதையும், அடுத்து வரும் மாதங்களின் சம்பளத்திலிருந்து அது கழிக்கப்படும் என்பதையும் அவர்கள் எண்ணிப்பார்த்ததில்லை. கம்பளியும் கடன், தீபாவளிச் சேலையும் கடன். எனினும் இரண்டும் ஒன்றல்ல. முன்னது வேலைக்குத் தேவை என்று தோட்டம் முடிவு செய்த துணி. பின்னது, முந்நூற்றறுபத்தைந்து நாளும் தான் கூலியாள் மட்டுமல்ல என்பதைத் தனக்கும் தன் மக்களுக்கும் நிரூபிக்கத் தொழிலாளி தானே தெரிந்தெடுத்த துணி. ஊரிலே மார்பை மறைக்கும் ரவிக்கைக்குத் தடையிருந்த சாதியின் பேத்தி, இங்கே பூவும் பொட்டும் ரவிக்கையும் அணிந்து தேர் பார்க்கப் போனாள். கடனுக்கு வாங்கிய விடுதலை அது, ஆயினும் விடுதலையே.

4. அழியாத எழுத்து

பழைய தலைமுறைப் பெண்களின் முன்கையிற் பச்சை குத்தப்பட்டிருப்பதைத் தோட்டங்களில் இன்றும் அரிதாகக் காணலாம். கோலப்புள்ளிகள், தேள், சிலபோது கணவனின் அல்லது தாயின் பெயர் என்பன அவற்றுட் சில. தமிழகத்தில் குறவர் குலப் பெண்கள் பச்சை குத்துவதைத் தொழிலாகக் கொண்டிருந்தனர். எட்கர் தேஸ்டன் தமது தென்னிந்திய இனவரைவியற் குறிப்புகளில் (1906) பச்சை குத்துதலைப் பற்றியும், காதின் சோணையைத் துளைத்து வளர்த்துக் கனமான அணிகளைத் தொங்கவிடும் வழக்கத்தைப் பற்றியும் விரிவாக எழுதினார். காது வளர்த்தலை உடற்சிதைவு என்னும் தலைப்பின்கீழ் அவர் வகைப்படுத்தினார். அளவுகோலும் புகைப்படக் கருவியும் கொண்டு உடல்களை அளந்த ஆட்சியாளரின் அறிவியல், பாம்படம் தொங்கும் காதைச் சிதைவு என்றது. கூடைக்கயிறு தேய்த்த தலையையோ, தகரம் தொங்கிய கழுத்தையோ அவ்வாறு அழைக்கவில்லை.

காதிலும் மூக்கிலும் அணிந்த பொன் ஒருவகைச் சேமிப்பு. காணியும் வீடும் சொந்தமாயில்லாத, லயத்தின் ஓரறையிற் குடியிருந்த குடும்பத்துக்கு உடலைத் தவிர வேறு பெட்டகமில்லை. நோய்க்கும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் அப்பொன் அடகுக்கடைக்குப் போய்வந்தது. பச்சையோ அடகு வைக்க முடியாதது. மற்றைய நகையெல்லாம் இங்கேயே நின்றுவிடும், பச்சை மட்டுமே செத்த பின்னும் கூடவரும் என்பது நாட்டார் நம்பிக்கை. இந்நம்பிக்கையைச் சமய உணர்வு என்று மட்டும் விளக்கிவிட முடியாது. எல்லாமே கடன் பதிவேட்டில் ஏறிய வாழ்க்கையில், பற்றெழுத முடியாத, கழிக்க முடியாத, பறிமுதல் செய்ய முடியாத ஒரே உடைமையாகப் பச்சை இருந்தது. துரையின் எண் தகரத்தில் இருந்தது, தகரம் கழற்றப்பட்டது. தாயின் பெயர் தோலில் இருந்தது, அது தங்கியது.

5. பொட்டு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் படித்த வகுப்பினரிடையே உடை ஒரு பெரும் விவாதமாயிற்று. ஆனந்த குமாரசுவாமி 1905 இல் 'இரவற் சிறகுகள்' எனும் பொருள்பட்ட தலைப்பில் எழுதி, மேனாட்டு உடையைப் பின்பற்றுவோரைக் கண்டித்தார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் அதே ஆண்டில் உருவாயிற்று. அநகாரிக தர்மபால சிங்களப் பெண்கள் சேலை உடுத்த வேண்டும் எனப் பரப்புரை செய்தார். ஏகாதிபத்தியப் பண்பாட்டுக்கு எதிரான முற்போக்கு அம்சம் இவ்வியக்கங்களில் இருந்தது என்பதை மறுத்தலாகாது. ஆனால் எவ்வுடையை உடுத்தினால் நாம் நாமாவோம் என்ற இவ்விவாதத்தில், உடுத்த வேறு துணியில்லாத தோட்டத் தொழிலாளிக்கு இடமிருக்கவில்லை. மேலும், உடை தேசியத்தின் அடையாளமாக்கப்பட்டபோது, அது தேசியத்துக்கு வெளியே உள்ளவரைச் சுட்டும் அடையாளமாகவும் மாறும் வாய்ப்பு உள்ளடங்கியே இருந்தது.

வேறொரு வழியும் அக்காலத்தில் திறந்திருந்தது. முதலாம் உலகப்போரின் நினைவுநாளில் விற்கப்பட்ட பொப்பி மலருக்குப் பதிலாகப் பூவரசம் பூவை அணியுமாறு கோரிய சூரியமல் இயக்கம் 1933 முதல் இடதுசாரி இளைஞரின் கையில் வளர்ந்தது. சட்டையிற் குத்திய ஒரு சிறு பூ ஏகாதிபத்திய எதிர்ப்பின் சின்னமாயிற்று. வெட்சியும் கரந்தையும் சூடிப் போரின் நோக்கத்தை அறிவித்த புறத்திணை மரபை அறிந்த நமக்கு இது புதிதன்று. 1934-35 இல் மலேரியா கேகாலைப் பகுதியைச் சூறையாடியபோது அவ்விளைஞர்களே மருந்தோடும் உணவோடும் கிராமங்களுக்குச் சென்றனர். 1935 இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. 1936 இல் என். எம். பெரேரா றுவான்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். கறைபடிந்த ஒரே துணியை உடுத்திய இரு இனத் தொழிலாளரும் ஒரே கொடியின்கீழ் நிற்கக்கூடும் என்ற நம்பிக்கை களனிப் பள்ளத்தாக்கில் ஒரு காலம் வெறுங்கனவாக இருக்கவில்லை.

அந்நம்பிக்கை எவ்வாறு சிதைந்தது என்பது தனி ஆய்வுக்குரியது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை இரு அரசுகளுக்கிடையிற் பங்கிட்டது. 1972, 1975 ஆம் ஆண்டுகளிற் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரையின் நிறம் மாறியது. பின்னர் 1977 ஓகஸ்ட், 1981 ஓகஸ்ட், 1983 யூலை. சப்பிரகமுவத் தோட்டங்களில் லயங்கள் எரிக்கப்பட்டன. 1981 இல் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகள் கடுமையாகத் தாக்கப்பட்டன. உயிர்தப்பியோருட் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறினர். வேறு பலர் இந்தியாவுக்குப் போயினர்.

இவ்வன்முறைகளின்போது தாக்கவந்தோர் தம் இலக்கை எவ்வாறு இனங்கண்டனர் என்பது நமது பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. நெற்றியிற் பொட்டு, மூக்குத்தி, காதுத்துளை, சேலை உடுத்திய முறை, சில சிங்களச் சொற்களின் உச்சரிப்பு என்பனவே அடையாளங்களாயின. ஒரே மரத்திற் பால்வெட்டி ஒரே கறையைச் சுமந்தவர்களைப் பிரித்தறிய உழைப்பின் அடையாளம் உதவவில்லை. ஆகவே நெற்றியைப் பார்த்தனர். பெண்கள் பொட்டை அழித்தனர், தாலியைக் கழற்றி முடிந்துகொண்டனர், சிங்களப் பெண்களைப்போற் சீத்தைத்துணி உடுத்திக் காட்டில் மறைந்தனர். தமது உடையைக் கொடுத்து அயலவரைக் காத்த சிங்களக் குடும்பங்களும் இருந்தன என்பதை நேர்மையுள்ள எந்த வரலாறும் பதிவு செய்தல் வேண்டும். அன்று கைமாறிய அச்சீத்தைத்துணிகள், இம்மாகாணத்து உழைக்கும் மக்களின் ஒருமைப்பாட்டுக்குக் கிடைத்த மிகப் பெறுமதியான ஆவணங்கள். எந்தச் சுவடிக்கூடத்திலும் அவை பேணப்படவில்லை.

இரு மாவட்டங்களிலும் மலையகத் தமிழர் மக்கட்தொகையிற் பத்திலொரு பங்கிற்கும் குறைவானோர். நுவரெலியாவைப் போல எண்ணிக்கையின் பாதுகாப்பு இங்கில்லை. ஆகவே அச்சம் உடையிற் தங்கிவிட்டது. கேகாலை மாவட்டத்து றப்பர்த் தோட்டமொன்றில் இக்கட்டுரையாசிரியர் உரையாடிய முதிய தாயொருவர், பட்டினத்துக்குப் போகும்போது பஸ் ஏறுமுன் ஒட்டுப்பொட்டை எடுத்துக் கைப்பையின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டு, திரும்பி வந்து தோட்டத்து வளைவில் இறங்கியதும் மறுபடி நெற்றியில் வைத்துக்கொள்வதாகக் கூறினார். எவரும் கேட்டதில்லை, எவரும் மிரட்டியதுமில்லை. கை தானாகப் போகிறது என்றார். "பேத்தி வச்சுக்கிட்டுத்தான் போறா. அவ திரும்பி வார வரைக்கும் நான் வாசல்லயே நிப்பேன்" என்பது அவருடைய கூற்று. உடை ஒருவரைப் பற்றி என்ன சொல்கிறது என்ற வினாவுக்கு அவருடைய வெறும் நெற்றியும் ஒரு விடையே. அது அவருடைய விருப்பத்தையோ சுவையையோ வெளிப்படுத்தவில்லை. அது 1977 ஐயும் 1981 ஐயும் 1983 ஐயும் வெளிப்படுத்துகின்றது.

6. இன்று

2003 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைப் பிரச்சினையைப் பெருமளவு தீர்த்தது. தோட்டங்கள் 1992 இலிருந்து கம்பனிகளின் முகாமையிற் சென்றன. படங்கு இன்று பொலித்தீனாகவும் உரச்சாக்காகவும் மாறியுள்ளது. சேலைக்கு மேலே பழைய சேட்டு, தலையிலே தொப்பி என்பதே கொழுந்தெடுப்போரின் வழக்கமான கோலம். ஆயின் தேயிலைப் பெட்டிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் சிரிக்கும் பெண் வேறு. பளிச்சிடும் சேலை, மூக்குத்தி, நெற்றியிற் பொட்டு என்பவற்றோடு அவர் காட்டப்படுகின்றார். எந்தப் பொட்டுக்காகத் தொழிலாளி துரத்தப்பட்டாரோ அதே பொட்டு சந்தையில் விலைபோகின்றது. உடலிலிருந்து அழிக்கப்பட்ட அடையாளம் பொதியின் மேல் அச்சிடப்படுகின்றது. இதனை முரண்நகை என்று கூறி அமைதல் போதாது. அடையாளம் தொழிலாளியுடையதாக இருக்கும்போது ஆபத்தாகவும், மூலதனத்துடையதாக இருக்கும்போது இலாபமாகவும் இருக்கின்றது என்பதே இதன் சாரம்.

தோட்டத்தின் இளம்பெண்கள் பலர் இன்று கொழுந்துக்கும் பாலுக்கும் போவதில்லை. 1978 இல் கட்டுநாயக்காவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயமும், 1999 இல் சப்பிரகமுவவின் வாசலிலேயே அவிசாவளையில் அமைந்த சீதாவக்கை வலயமும் அவர்களை அழைத்துக்கொண்டன. அங்கே அவர்கள் மேனாட்டுக் கடைகளுக்கான ஆடைகளைத் தைக்கின்றனர். பல தொழிற்சாலைகளில் தலையில் அணியும் தொப்பியின் நிறத்தால் ஒருவரின் பதவி அறியப்படும். பாட்டியின் கழுத்தில் எண், பேத்தியின் தலையில் நிறம். தாம் தைக்கும் ஆடை யாருடைய ஆளுமையை வெளிப்படுத்தப் போகின்றது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதனை உடுத்துவோருக்கும் தம் ஆளுமையைத் தைத்தவர் யாரென்று தெரியாது. மார்க்ஸ் கூறிய அந்த ஒரு கோட்டின் இரகசியம் இதுவேயாகும்.

எனினும் மேற்கூறியவற்றைக் கொண்டு தொழிலாளியின் உடல் என்றும் பிறர் எழுதும் ஏடு மட்டுமே என்று முடிவுசெய்தல் இயக்கவியல் நோக்காகாது. குடையொன்றின் வரலாறே இதற்குப் போதிய சான்று. இராமநாதபுரத்திற் குடை பிடித்தல் தடுக்கப்பட்டது. தோட்டத்தில் துரையைக் கண்டதும் குடையை மடக்கிக்கொண்டு வழியோரம் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்ததை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அவ்வழக்கம் தானாக மறையவில்லை; தொழிற்சங்கங்கள் தோன்றி, தொழிலாளி நிமிர்ந்து பேசத் தொடங்கிய பின்னரே மறைந்தது. இன்று சப்பிரகமுவத் தோட்டப் பாதைகளில் பாடசாலைப் பிள்ளைகள் வண்ணக் குடைகளை விரித்துக்கொண்டு செல்கின்றனர். எந்த வாகனத்துக்காகவும் அவற்றை மடக்குவதில்லை. நக்கீரனார் காலத்தில் மன்னனுக்கே உரியதாயிருந்த குடை, மூன்று தலைமுறைப் போராட்டத்தின் பின் வேட்டுவனின் பிள்ளை கைக்கு வந்துள்ளது.

குடைக்கு நேர்ந்தது பொட்டுக்கும் நேர வேண்டும். பொட்டு வைத்தலோ வையாது விடுதலோ, பச்சை குத்துதலோ காற்சட்டை அணிதலோ, அஞ்சியோ கடன்பட்டோ அன்றித் தன் விருப்பத்தால் நிகழும் காலம் வரும்போதுதான் உடை ஒருவரின் ஆளுமையை வெளிப்படுத்துகின்றது என்ற கூற்று இம்மக்களைப் பொறுத்தும் உண்மையாகும். அதுவரை, வாசலில் நின்று பேத்தியின் வரவைப் பார்த்திருக்கும் அத்தாயின் வெறும் நெற்றியை அவருடைய ஆளுமை என்று எவரும் எழுதாதிருத்தல், ஆய்வாளர் அவருக்குச் செய்யக்கூடிய மிகக் குறைந்த கடமையாகும்.